வைட்டமின் டி ஏறினால் தும்மல் நிற்குமா?

மூக்கடைப்பு | 8 டிசம்பர் 2024, இரவு 10:12

ரிப்போர்ட்: வைட்டமின் டி 11.4. மொத்த ஐஜிஇ (அலர்ஜியில் கூடும் எதிர்ப்புப் புரதம்) 640. காலையில் எழுந்தவுடன் பத்துப் பதினைந்து தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுகல், எட்டு மணிக்கு மேல் அடங்கிவிடும். "அலர்ஜிக்குக் காரணமே டி குறைவுதான், அதை ஏற்றினால் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையே வேண்டாம்" என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. 60,000 யூனிட் சாஷே, வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். டி ஏறினால் தும்மல் நிற்குமா? சாஷேயை எதில் கலந்து எப்போது குடிக்க வேண்டும்? பாலில் என்கிறார்கள். பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

ஓபி சீட்டு | 8 டிசம்பர், இரவு 10:51

நிற்காது என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். 11.4 குறைவுதான், ஏற்றத்தான் வேண்டும். அது எலும்புக்கும் தசைக்கும். தும்மல் தனிக் கணக்கு.

எழுந்தவுடன் வந்து எட்டு மணிக்கு அடங்குகிறது என்றால் முதலில் தலையணையைச் சந்தேகப்படுங்கள். மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும் தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நாம் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் அதன் எச்சம். இரவெல்லாம் அதில் முகம் புதைத்துவிட்டு எழுந்தால் மூக்கு கேள்வி கேட்கத்தான் செய்யும்.

ஐஜிஇ 640 என்பதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. குடற்புழு இருந்தாலும் ஏறும், யானைக்கால் புழுத் தொற்று இருந்தாலும் ஏறும். மொத்த எண்ணிக்கை எதற்கு அலர்ஜி என்று சொல்லாது. அதற்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ, குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ-யோ வேண்டும். தோல் சோதனைக்கு முன் செட்ரிசின் வகை மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். டி-யை நிறுத்தத் தேவையில்லை.

கவுண்டர் ஓரம் | 9 டிசம்பர், காலை 6:30

சாஷே விஷயம் என் பக்கம்.

பாலில்தான் கலக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. டி கொழுப்பில் கரைவது. கூடவே கொஞ்சம் கொழுப்பு போனால் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால்தான் பால் என்று சொல்லிப் பழகிவிட்டது. பால் வேண்டாமென்றால் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், ஆனால் மதியச் சாப்பாட்டோடு. சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், முட்டை, மீன் குழம்பு, எதுவானாலும் சரி. கொழுப்பில்லாத சாப்பாட்டோடு எடுத்ததைவிடக் கொழுப்போடு எடுத்ததில் ரத்தத்தில் ஏறும் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடியதாகப் பார்த்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் கருப்புக் காப்பியோடு விழுங்கினால் கொஞ்சம் வீண்.

டம்ளர் அடியில் பொடி ஒட்டிக்கொள்ளும். இன்னும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி அலசிக் குடியுங்கள்.

60,000 யூனிட் என்பது வெறும் 1.5 கிராம் மருந்து. மிச்சமெல்லாம் சர்க்கரையும் மணமும் நிறமும்.

சீரம் குழாய் | 9 டிசம்பர், காலை 6:44

ஒன்றரை கிராமா? சாஷேயே ஒரு கிராம்தான் அண்ணே.

கவுண்டர் ஓரம் | 9 டிசம்பர், காலை 6:47

மில்லிகிராம்! 1.5 மில்லிகிராம். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம், ஆக 60,000 யூனிட் 1,500 மைக்ரோகிராம். இன்னும் டீ குடிக்கவில்லை.

கவுண்டர் ஓரம் | 9 டிசம்பர், பகல் 2:15

டீ குடித்தாயிற்று. காலையில் எழுத விட்டது: இந்தச் சாஷேயில் நடக்கும் பெரிய தவறு கலக்குவதில் இல்லை, கிழமையில்தான். சீட்டில் "1-0-0" என்று எழுதி, பக்கத்தில் "வாரம் ஒருமுறை" என்பதைக் கிறுக்கலாக எழுதியிருப்பார்கள். கடையில் எட்டுப் பாக்கெட்டையும் ஒரே கவரில் போட்டுத் தருவார்கள். வீட்டுக்குப் போனதும் அது தினம் ஒன்றாகிவிடும். எட்டு நாளோடு நின்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். "உடம்பு தெம்பா இருக்கு" என்று தாங்களாகவே வாங்கி இரண்டு மாதம் தினமும் குடித்தவர்கள் தப்புவதில்லை. பசி போகும், வாந்தி வரும், மலம் கட்டும், தாகம் தீராது, ராத்திரியில் நாலு தடவை சிறுநீருக்கு எழுவார்கள். சோதித்தால் கால்சியம் 12, 13 என்று நிற்கும், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினினும் கூடவே ஏறியிருக்கும். கொழுப்பில் சேமிக்கப்படுவதால் நிறுத்தினாலும் உடனே இறங்காது, வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட ஆகும்.

காலண்டரில் எட்டு ஞாயிற்றுக்கிழமையை வட்டமிடுங்கள். குடித்த அன்று அடித்துவிடுங்கள். ஒரு ஞாயிறு தவறினால் திங்களன்று குடிக்கலாம். அடுத்த ஞாயிறு இரண்டாகச் சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

சீரம் குழாய் | 9 டிசம்பர், இரவு 9:05

எண்ணை மட்டும் சொல்லி அலகைச் சொல்லாமல் விடுவது இந்தத் தளத்தில் வழக்கமாகிவிட்டது. 11.4 என்பது நானோகிராம்/மி.லி. என்றால் குறைவு. அதே அளவு நானோமோல்/லிட்டரில் 28.5. இரண்டுக்கும் இடையே 2.5 மடங்கு. லண்டன், மெல்பர்ன், டொரன்டோ ரிப்போர்ட்டில் 48 என்று பார்த்துவிட்டு "எனக்கு நார்மல்" என்பவர்களுக்கு நம்மூர்க் கணக்கில் 19தான்.

அடுத்து, எந்த டி என்று பாருங்கள். பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம், உடம்பின் இருப்பைக் காட்டுவது அதுதான். 1,25-டைஹைட்ராக்ஸி என்று இன்னொன்று உண்டு. விலையும் கூட. சிறுநீரகத்தில் செய்து உடனுக்குடன் செலவாகிற சரக்கு அது. இருப்பு காலியாக இருக்கும்போதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் அடித்து வேலை வாங்குவதால் அது நார்மலாகவோ கூடுதலாகவோ காட்டும். அதைப் பார்த்து "டி நன்றாக இருக்கிறது" என்று விட்டால் ஏமாற்றம்தான்.

இன்னொன்று. கால்சியம் மாத்திரையோடு கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் சேர்ந்த கேப்ஸ்யூலை மாதக்கணக்கில் எடுத்துவிட்டு "டி ஏறவே இல்லையே" என்று திரும்பவும் சோதிக்க வருகிறார்கள். ஏறாது. கால்சிட்ரியால் கடைசிக் கட்டத்துச் சரக்கு, 25-ஹைட்ராக்ஸி சோதனையில் அது தெரியாது. இருப்பை நிரப்ப கொலிகால்சிஃபெரால், அதாவது சாதாரண டி3, வேண்டும்.

மூக்கடைப்பு | 10 டிசம்பர், காலை 7:20

நானோகிராம்தான், 25-ஹைட்ராக்ஸிதான். இந்தச் சூரிய நாட்டில் எப்படி 11? தினமும் காலை ஆறரையிலிருந்து ஏழே கால் வரை மொட்டை மாடியில் நடக்கிறேன்.

ஓபி சீட்டு | 10 டிசம்பர், பகல் 1:30

அந்த முக்கால் மணி நேரம் காலுக்கு நல்லது. டி-க்கு ஒன்றுமில்லை.

தோலில் டி உண்டாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் வேண்டும். காலையில் சூரியன் சாய்ந்திருக்கும்போது வெளிச்சம் காற்று மண்டலத்தை நீண்ட தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியிலேயே ஓசோன் அந்தக் கதிரை வடிகட்டிவிடும். வெளிச்சம் வரும், டி வராது. ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையிலேயே இருக்கும் திருப்பதியில் செய்த ஆய்விலும் 11 மணியிலிருந்து 2 மணி வரைதான் தோலில் உருப்படியாக டி உண்டானது. கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் டி வரும். நீளமாக இருந்தால் வெறும் நடைதான்.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், கார் கண்ணாடிக்குள், உட்கார்ந்தால் வராது. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. கருத்த தோலுக்கு நேரம் கூடுதலாக வேண்டும், மெலனின் கதிரில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும். முழுக்கை, துப்பட்டா, ஹெல்மெட் என்று மூடிக்கொண்டு வெயிலில் அலைகிறவர்களின் தோலில் படுவது விரல் நுனியும் மூக்கு நுனியும்தான்.

பாலாடை | 10 டிசம்பர், மாலை 6:10

"வெயிலில் நின்றுவிட்டு உடனே குளித்தால் டி கழுவிப் போய்விடும்" என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். போகாது. டி உண்டாவது தோலின் உயிருள்ள அடுக்கில். சீயக்காய் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது.

கவுண்டர் ஓரம் | 10 டிசம்பர், மாலை 6:22

மத்தியானம் 12 மணிக்கு மே மாதத்தில் நில் என்று சொல்கிற உங்களுக்கு வேலூர்ப் பக்கம் சொந்தக்காரர் யாரும் இல்லை போலிருக்கிறது.

ஓபி சீட்டு | 10 டிசம்பர், இரவு 11:40

மே மாதத்தில் சாஷேதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன்.

டி-க்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களில் டி வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. ஆய்வகத் தட்டில் டி-யைப் போட்டால், சண்டையை அடக்கும் வகை வெள்ளணுக்கள் (ஆங்கில T, நம் வைட்டமின் டி அல்ல) கூடுகின்றன. தோலில் கேதலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்க டி தேவை. எக்ஸிமா (வறண்டு அரிக்கும் தோல் அழற்சி) உள்ள தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குடியேறுவதற்கும் இந்தப் புரதம் குறைவதற்கும் தொடர்பு உண்டு. ஆகவே சந்தேகம் நியாயமானதே.

சந்தேகம் கிளம்பிய இடம் சுவாரசியமானது. அமெரிக்காவில் கடும் அலர்ஜிக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் அட்ரினலின் ஊசிச் சீட்டுகளை மாநிலவாரியாக எண்ணினார்கள். 2007-ல் வெளியான கணக்கில் குளிர் வடக்கு மாசசூசெட்ஸில் ஆயிரம் பேருக்கு 11.8, வெயில் ஹவாயில் 2.7. 2013-ல் மெல்பர்னில் ஒரு வயதுக் குழந்தைகளைப் பார்த்தபோது, பெற்றோர் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்களாக இருந்த குழந்தைகளில், டி குறைந்தவர்களுக்கு நிலக்கடலை அலர்ஜி பல மடங்கு கூடுதல். ஆனால் பெற்றோர் வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. வீடியோக்காரர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இதெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தொடர்பு. நோயாளி வெளியே விளையாடப் போவதில்லை, அதனால் டி குறைவு என்று திருப்பியும் படிக்கலாம். மாத்திரை கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கொடுத்தும் பார்த்தார்கள். ஆஸ்துமாவில் டி கொடுத்தால் கடும் மூச்சுத்திணறல் குறைகிறது என்று, பல சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும் பலன் நிச்சயம்.

ஓபி சீட்டு | 11 டிசம்பர், காலை 5:55

மேலே கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். தூங்கி எழுந்ததும்தான் நினைவு வந்தது. அது 2016-ன் தொகுப்பு. பிறகு பெரிய சோதனைகள் வந்தன. 2020-ல் வந்த ஒன்று 192 குழந்தைகள், 6 முதல் 16 வயது, எல்லோருக்கும் ஆஸ்துமா, எல்லோருக்கும் டி 30-க்குக் கீழே. பாதிப் பேருக்குத் தினம் 4,000 யூனிட், 48 வாரம். கடும் மூச்சுத்திணறல் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அதையெல்லாம் சேர்த்து 2023-ல் காக்ரேனே திருத்தி எழுதியது: குறைவதாகத் தெரியவில்லை. "நிச்சயம்" என்று எழுதியது என் பிழை.

கர்ப்பிணிகளுக்கு 4,400 யூனிட் கொடுத்த அமெரிக்கச் சோதனையிலும் இதே மாதிரிதான். மூன்று வயதில் இழுப்பு 24 சதவீதம், குறைந்த அளவு எடுத்த தாய்களின் குழந்தைகளுக்கு 30 சதவீதம். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆறு வயதில் பார்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது.

மரபணு வழியாகப் பிறவியிலேயே டி சற்றுக் குறைவாக இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவோ எக்ஸிமாவோ கூடுதலா என்று 2017-ல் கணக்கிட்டார்கள். இல்லை என்றே வந்தது. என்னைப் பொறுத்தவரை வீடியோவுக்கு விழுந்த கனமான அடி இதுதான்.

பாலாடை | 11 டிசம்பர், பகல் 3:00

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுவோம். பின்லாந்தின் வடக்கே 1966-ல் பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் காலத்து வழக்கப்படி தினம் 2,000 யூனிட் வரை டி கொடுத்தார்கள். 31 வயதில் பார்த்தபோது ஒழுங்காக டி எடுத்தவர்களுக்குத்தான் அலர்ஜி மூக்கொழுகலும் ஆஸ்துமாவும் கூடுதல். பிரிட்டனில் 1958-ல் பிறந்தவர்களின் ரத்தத்தில் டி மிகக் குறைந்தவர்களுக்கும் ஐஜிஇ கூடுதல், மிக ஏறியவர்களுக்கும் கூடுதல். குறைந்தாலும் ஆகாது, "இன்னும் ஏற்று" என்று போனாலும் ஆகாது.

பலன் தெரிந்த இடங்களும் உண்டு. மங்கோலியாவில் குளிர்காலத்தில் எக்ஸிமா கூடுகிற குழந்தைகளுக்குத் தினம் 1,000 யூனிட், ஒரு மாதம் கொடுத்தபோது சொறி கணிசமாக இறங்கியது. ஆனால் உலான்பாதரில் குளிர்காலத்தில் அந்தக் கதிரே தரைக்கு வராது. மதுரைக் குழந்தையின் முழங்கை மடிப்புச் சொறிக்கு அதை அப்படியே இழுத்து ஒட்டாதீர்கள். இங்கே முதல் மருந்து குளித்த ஈரத்தோடு தடவும் மாய்ஸ்சரைசர்.

ஓபி சீட்டு | 11 டிசம்பர், இரவு 8:30

நாள்பட்ட தடிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறு வாரத்துக்கு மேல் தினம் எழும்பி மறைகிற வகை. 42 பேரை வைத்து ஒரு சின்னச் சோதனை. வழக்கமான மாத்திரைகளோடு 4,000 யூனிட் சேர்த்தவர்களுக்கு 12 வாரத்தில் 600 யூனிட் எடுத்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நிம்மதி. மாத்திரைகளோடு என்பதைக் கவனியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

கவுண்டர் ஓரம் | 12 டிசம்பர், காலை 10:05

தலைப்பை யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை: டி மாத்திரையாலேயே அலர்ஜி வருமா? வரலாம். டி-க்கு அல்ல, கூட வருகிற சரக்குக்கு.

மென் கேப்ஸ்யூலுக்குள் இருப்பது எண்ணெய். சிலதில் சோயா எண்ணெய், சிலதில் நிலக்கடலை எண்ணெய். லேபிளில் நிலக்கடலை எண்ணெயை அராக்கிஸ் எண்ணெய் என்று போடுவார்கள், படிப்பவர்களுக்குப் புரியாது. தசையில் போடும் டி ஊசியிலும் இந்த எண்ணெய் இருப்பதுண்டு. நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் மிகக் குறைவுதான். ஆனாலும் கடலைக்குத் தொண்டை அடைத்து ஆஸ்பத்திரி வரை போனவர் கடையில் அதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். கேப்ஸ்யூல் உறை ஜெலட்டின், பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தது. அசைவம் தொடாதவர்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சாஷேயோ மாத்திரையோ சரி. டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து செய்தது. அதையும் வேண்டாம் என்பவர்களுக்குப் பாறைப்பாசி வகை லைக்கனிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, விலை அதிகம். ஈஸ்ட், காளானிலிருந்து வருவது டி2.

மூக்கடைப்பு, பால் ஒத்துக்கொள்ளாது என்றீர்களே, வயிறு உப்பி நுரையாகப் போகிறதா, தடிப்பு எழும்புகிறதா? முதலாவது லாக்டோஸ் செரிக்காதது, தயிர் சாப்பிடலாம். இரண்டாவது அலர்ஜி, தயிரும் ஆகாது.

மூக்கடைப்பு | 12 டிசம்பர், காலை 10:40

உப்பல்தான்.

பாலாடை | 12 டிசம்பர், இரவு 9:15

பால் அலர்ஜி நிஜமாகவே உள்ள குழந்தைகளைப் பற்றிக் கொஞ்சம். டி-யும் அலர்ஜியும் உண்மையில் மோதிக்கொள்கிற இடம் இதுதான், எந்த வீடியோவிலும் வராது. பாலை நிறுத்திவிடுவார்கள், பதிலாக எதுவும் வைக்க மாட்டார்கள். கால்சியமும் குறைந்து டி-யும் குறைந்தால் நடக்கத் தொடங்கும்போது கால் வளையும், மணிக்கட்டு தடிக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் சுற்றளவில் கால்சியம் உண்டு. முளைகட்டிக் கூழாக்கினால் அதைக் கட்டிவைக்கும் ஃபைட்டேட் குறைந்து இன்னும் நன்றாகச் சேரும்.

கைக்குழந்தைக்குத் தினம் 400 யூனிட் டி சொட்டு, தாய்ப்பால் குடித்தாலும் ஒரு வயது வரை. தவறு நடப்பது டிராப்பரில். ஒரு கம்பெனியில் 1 மி.லி.க்கு 400, இன்னொன்றில் 1 மி.லி.க்கு 800. பழைய பாட்டில் தீர்ந்ததும் புதுக் கம்பெனி வாங்கி, பழைய கோடு வரை இழுத்தால் இரட்டிப்பு. டிராப்பரைப் பாட்டில் மாற்றிப் போடவே கூடாது. 2010-ல் அமெரிக்க மருந்துத் துறை இதற்காகவே தனி எச்சரிக்கை விட்டது. புதுப் பாட்டில் வந்தால் பழைய டிராப்பரைக் குப்பையில் போடுங்கள், விளையாடக் கொடுக்காதீர்கள், அதுவும் திரும்பி வரும்.

சீரம் குழாய் | 13 டிசம்பர், காலை 7:00

டிராப்பர் திரும்பி வருவது பேய்ப் படத்துக்கு நல்ல தலைப்பு.

ஓபி சீட்டு | 13 டிசம்பர், இரவு 10:20

அலர்ஜிக்காரர்கள் டி-யைக் கட்டாயம் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் ஸ்டீராய்டு. இழுப்புக்குத் தினம் 5 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் மாதக்கணக்கில் எடுப்பவர்கள், தும்மலுக்கு மாதம் ஒரு "ஊசி" போட்டுக்கொண்டு அதில் என்ன இருக்கிறதென்று கேட்காதவர்கள். தினம் 2.5 மில்லிகிராமும் அதற்கு மேலும் மூன்று மாதம் தாண்டினாலே எலும்பைப் பார்க்க வேண்டும், கால்சியமும் டி-யும் சரியாக இருக்க வேண்டும். மூக்கு ஸ்ப்ரேயும் இன்ஹேலரும் வேறு. அளவு மைக்ரோகிராமில். அதைக் கண்டு பயந்து விட்டுவிட்டு ஊசிக்குப் போவதுதான் தலைகீழ்.

டி-யோடு மோதும் மருந்துகள்: வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மூன்றும் டி-யைச் சீக்கிரம் செலவழித்துவிடும். பி.பி.க்கான தயசைடு கால்சியத்தைப் பிடித்துவைக்கும். காசநோயிலும் சார்காய்டு என்ற அழற்சி நோயிலும் நோய்க்கட்டிகளே டி-யை இயக்க வடிவத்துக்கு மாற்றிக் கால்சியத்தை ஏற்றிவிடக்கூடும். சிறுநீரகக் கல் இருந்தவர்களும் இவர்களும் தாங்களாகச் சாஷே வாங்கிக் குடிக்க வேண்டாம்.

மூக்கடைப்புக்கு என் பரிந்துரை, உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு: ஃப்ளூட்டிகசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. பத்துப் பேரில் எட்டுப் பேர் தப்பாகத்தான் அடிக்கிறார்கள் (எண்ணவில்லை, எரிச்சலில் சொல்கிறேன்). புதுப் பாட்டிலைக் குலுக்கி, புகை மாதிரி வரும்வரை காற்றில் ஐந்தாறு முறை அழுத்துங்கள். மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். தலையை லேசாகக் குனியுங்கள், அண்ணாக்காதீர்கள். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. அப்போதுதான் முனை நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம், கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். அழுத்தும்போது மெல்ல உறிஞ்சுங்கள். தொண்டையில் கசந்தால் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள், மருந்து வயிற்றுக்குப் போயிற்று. முழுப் பலனுக்கு இரண்டு வாரம் வரை ஆகும். மூன்றாம் நாள் "கேட்கவில்லை" என்று எழுத வேண்டாம். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு வேறு சாதி, ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்கும்.

கவுண்டர் ஓரம் | 14 டிசம்பர், காலை 8:00

தலையணை? ஆரம்பத்தில் அதைத்தானே சந்தேகப்பட்டீர்கள்.

ஓபி சீட்டு | 14 டிசம்பர், காலை 8:25

உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில். பச்சைத் தண்ணீரில் அலசினால் எச்சம் போகும், பூச்சி நீந்தும். வாஷிங் மெஷினில் சூடு இல்லையென்றால் கொதிநீரில் ஊறவைத்துவிட்டுப் போடுங்கள். மெத்தையைச் சுட்டெரிக்கும் வெயிலில் மாடியில் போட்டுத் திருப்பிவிட்டால் ஈரம் வற்றிப் பூச்சி சாகும். ஆனால் செத்த பூச்சியும் அதன் எச்சமும் மெத்தைக்குள்தான் இருக்கும், தட்டி எடுக்க வேண்டும். தட்டுவது நீங்கள் வேண்டாம், வேறு யாராவது. கடலோரத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், அதனால் ஒருநாள் போட்டுவிட்டு மறந்தால் திரும்பக் குடியேறும்.

பாலாடை | 14 டிசம்பர், காலை 8:31

ஆக, பதினொரு மணி வெயில் உங்களைவிட உங்கள் மெத்தைக்கே அதிகம் தேவை.

மூக்கடைப்பு | 9 மார்ச் 2025, இரவு 9:50

எட்டுச் சாஷேயும் முடிந்து, பிறகு மாதம் ஒன்று. மூன்று மாதம் கழித்துச் சோதித்தேன். 92. பயமாக இருக்கிறது. தும்மல் பத்துப் பதினைந்திலிருந்து இரண்டு மூன்றாகிவிட்டது. அப்போ வீடியோ சொன்னது சரிதானா?

சீரம் குழாய் | 9 மார்ச், இரவு 10:15

92 உதைக்கிறது. வாரம் 60,000 என்றால் நாளுக்கு 8,500 சொச்சம், எட்டு வாரம், பிறகு நாளுக்கு 2,000 கணக்கு. 11-ல் தொடங்கினால் முப்பத்தைந்து நாற்பதில் வந்து நிற்க வேண்டும், கூடப்போனால் ஐம்பது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா?

மூக்கடைப்பு | 9 மார்ச், இரவு 10:18

10 மில்லிகிராம், தினமும். அதற்கும் இதற்கும் என்ன?

சீரம் குழாய் | 9 மார்ச், இரவு 10:36

பல மெஷின்களில் டி சோதனை பயோட்டினை ஒட்டுப்பசையாக வைத்து ஓடுகிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போட்டி முறைச் சோதனை என்பதால் எண் பொய்யாக ஏறும். தைராய்டு ரிப்போர்ட்டும் இதே மாதிரி குழம்பும். மூன்று நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. கூடவே கால்சியமும் கிரியாட்டினினும் போடச் சொல்லுங்கள். அதுவரை சாஷே வேண்டாம்.

மூக்கடைப்பு | 15 மார்ச், மாலை 5:40

41. கால்சியம் 9.4, கிரியாட்டினின் 0.8. நன்றி. தும்மல் கேள்வி பாக்கி.

ஓபி சீட்டு | 15 மார்ச், இரவு 9:10

டி ஏற்றினீர்கள், ஸ்ப்ரே அடித்தீர்கள், தலையணை உறையை வெந்நீரில் போட்டீர்கள், மூன்றும் ஒரே வாரத்தில். எது வேலை செய்தது என்று நானும் சொல்ல முடியாது, வீடியோவும் சொல்ல முடியாது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ஸ்ப்ரேயை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். டி மாதம் ஒன்று தொடரட்டும், உறை துவைப்பதும் தொடரட்டும். காலைத் தும்மலை எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். இழுப்பு எட்டிப் பார்த்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், சோதனையை.

மூக்கடைப்பு | 26 மார்ச், காலை 7:32

ஸ்ப்ரே இல்லாமல் பத்தாவது நாள். 2, 3, 2, 4, 6, 5, 8, 9, 11, இன்று 12.

ஓபி சீட்டு | 26 மார்ச், காலை 7:50

எடுங்கள் ஸ்ப்ரேயை. புதுசாக ஐந்தாறு முறை காற்றில் அழுத்திவிட்டு. வலது கை, இடது மூக்கு.